பதினேழு லாரிகள்

ஒன்பது மணிக்குள் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும், வருகிறேன் அல்லது வரவில்லை, அவ்வளவுதானே என்று நினைத்துக்கொண்டுதான் எப்சிபா கேம்ப் ரோடு நிறுத்தத்தில் கம்பெனி பஸ்ஸில் ஏறினாள். மணி ஏழு நாற்பது. சிறுசேரி போய்ச் சேர ஒன்றே கால் மணி நேரம்; ஒரு வார்த்தைக்கு அது தாராளம். எட்டு வருஷமாக உட்காரும் அதே இடம், இடது பக்கம், ஐந்தாவது வரிசை, ஜன்னலோரம். தலைக்கு மேலே ஏசி துளையிலிருந்து சொட்டும் தண்ணீர் அவளுடைய தோளைத்தான் குறிவைக்கும். அவள் ஒரு கைக்குட்டையை மடித்து அதில் செருகுவாள், சாயங்காலத்துக்குள் யாரோ அதை எடுத்து எறிந்திருப்பார்கள், மறுநாள் இன்னொரு கைக்குட்டை. இதுவும் எட்டு வருஷ வழக்கம். பக்கத்தில் துளசிராமன், தாம்பரத்திலேயே ஏறி, செலையூர் வருவதற்குள் தூங்கிவிட்ட துளசிராமன். அவர் வாயைத் திறந்து தூங்குவார், இருமினால் இடப்பக்கம் சாய்வார், பல் வலி வந்தால் கிராம்பு மணப்பார் என்பதெல்லாம் எப்சிபாவுக்குத் தெரியும். அதே கட்டடத்தில் அவர் என்ன வேலை பார்க்கிறார் என்பது மட்டும் இன்றுவரை தெரியாது. அவருக்கும் இவள் வேலை தெரியாது. நாற்பதாயிரம் பேர் வேலை பார்க்கும் கம்பெனியில் அது குற்றம் ஒன்றுமில்லை. இப்போது அவளை வேலைக்குக் கூப்பிட்டிருக்கும் ஒன்பது பேர் கம்பெனியில் அப்படி இருக்க முடியுமா என்று யோசித்தாள். அங்கே போன ஒரே ஒரு சனிக்கிழமையில், யாருடைய பையனுக்கு அம்மை போட்டிருக்கிறது, யார் வீட்டில் மோட்டார் எரிந்துபோயிற்று என்பது வரைக்கும் மத்தியானச் சாப்பாட்டுக்குள் தெரிந்துவிட்டது. அது நல்லதா கெட்டதா? பட்டியலில் அதை எந்தப் பக்கம் எழுதுவது? பட்டியல் வீட்டில் ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கிறது, பெரியது என்று ஒரு பக்கமும் சின்னது என்று ஒரு பக்கமும். காலையில் அவளுடைய டிபன் பாக்ஸை மூடிக்கொண்டே கிதியோன் அதைப் பார்த்தான். அவள் கணவன் பள்ளிக்கூடத்தில் இயற்பியல் வாத்தியார். எதையும் ஒருமுறை சரிபார்க்காமல் விடமாட்டான். “எப்சி, மூணு வாரமா ஒட்டிக் கெடக்கு. பஸ்ஸு, சாப்பாடு, லீவு, பேரு, பாதுகாப்பு எல்லாம் எழுதியிருக்க. ஒன்னப் பத்தி ஒரு வரி இல்லியே,” என்றான். இருக்கிறதே என்று பதில் சொல்லத்தான் வாயெடுத்தாள். பட்டியலை மேலிருந்து கீழாக ஒருமுறை பார்த்தாள். இல்லை.

இல்லைதான், அதற்கு என்ன இப்போது, தன்னைப் பற்றித் தனக்குத் தெரியாதா என்ன, என்று செம்பாக்கம் தாண்டும்போது கொஞ்சம் கோபமாகவே நினைத்தாள். தன் வேலை தனக்கு வரும். அதில் எப்சிபாவுக்குச் சந்தேகமே கிடையாது, இந்தக் கதையைச் சொல்கிற நமக்கும் கிடையாது. வேறு நாலு பேர் ஒரு நாள் முழுக்க முட்டிக்கொண்டு நிற்கிற இடத்தில் அவள் வந்து நின்று, ஸ்கிரீனைப் பார்த்து, கீழுதட்டைக் கடித்து, இங்கே பாருங்கள் என்று விரலை வைப்பாள்; விரல் வைத்த இடத்தில் பிழை இருக்கும். ஆனால் விரலை வைப்பது வேறு, அதைச் சரிசெய்து வெளியே அனுப்புவது வேறு என்பதை அந்தக் கட்டடம் அவளுக்கு முதல் வருஷத்திலேயே சொல்லிக்கொடுத்துவிட்டது. ஏதோ ஒரு குளிர்நாட்டு இன்சூரன்ஸ் கம்பெனி தன் வாடிக்கையாளர்களுக்கு மாதாமாதம் ஒரு கடிதம் அனுப்புகிறது. அதை அச்சடிக்கும் மென்பொருளில் ஒரு மூலை அவளுடையது. ஒவ்வொரு கடிதத்தின் கடைசியிலும் ஒன்றுமே எழுதாத ஒரு வெற்றுத்தாள் சேர்ந்து அச்சாவதைக் கண்டுபிடித்தாள். ஒரே ஒரு வரி மாற்றினால் போதும். மாற்றினாள், அரை மணி நேரத்தில். அந்த வரி வெளியே போவதற்குப் பதினான்கு பேர் ஒப்புதல் தரவேண்டியிருந்தது. ஏழு மாதத்தில் பதின்மூன்று பேர் தந்தார்கள். பதினான்காவது ஆள் வேலையை விட்டுப் போய்விட்டார், அவர் இடத்துக்கு வந்தவர் முதலிலிருந்து கேட்டார். அவளுடைய மேனேஜர் சௌந்தரராஜன் தங்கமான மனுஷர், யாரையும் ஒரு வார்த்தை கடிந்து பேசத் தெரியாதவர், அவர்தான் கடைசியில் சொன்னார், “விடுங்க எப்சிபா. அது நம்ம பிரச்சினை இல்ல. பிரிண்டிங் டீமோடது.” விட்டாள். எட்டு வருஷமாக அந்த வெற்றுத்தாள் போய்க்கொண்டிருக்கிறது. அந்த ஊரில் யாரோ அதன் பின்னால் பால், முட்டை, ரொட்டி என்று சாமான் எழுதிக் கடைக்கு எடுத்துப்போகிறார்கள் என்று அவளாகவே ஒரு கற்பனை செய்து வைத்திருக்கிறாள். அந்தத் தாளாவது யாருக்கோ உபயோகப்படட்டும். யாருக்கென்று தெரிந்தால் நன்றாக இருக்கும்.

ஆனால் அந்தக் கட்டடத்தைக் குறை சொல்ல அவளுக்கு மனசு வராது. நாலு வருஷத்துக்கு முன்னால் நாசரேத்திலிருந்து அம்மாவை ஆம்புலன்ஸில் திருநெல்வேலிக்கும், அங்கிருந்து சென்னைக்கும் கொண்டுவந்து, நெஞ்சைத் திறந்து ஆபரேஷன் செய்தபோது, ஆஸ்பத்திரி கவுண்டரில் அவள் நீட்டியது கம்பெனி கொடுத்த இன்சூரன்ஸ் அட்டை. கவுண்டரில் இருந்த பெண் அட்டையைப் பார்த்ததும் உட்காருங்கள் மேடம் என்றாள். அந்த ‘உட்காருங்கள்’ இன்னும் காதில் இருக்கிறது. கிதியோன் அப்போது பக்கத்தில் நின்று, தன் பள்ளிக்கூடத்து அடையாள அட்டையைச் சட்டைப்பைக்குள் மெதுவாகத் தள்ளிக்கொண்டான். அம்மா இன்று ஊரில் எழுந்து நடமாடிக்கொண்டு, கோயிலில் பாட்டுப் பாடிக்கொண்டு இருக்கிறாள் என்றால் அந்த நாற்பதாயிரம் பேர் கட்டடத்துக்கு அதில் பங்கு உண்டு. நேற்று போனில் கூட அம்மா, “ஒம் மக எங்க வேல பாக்கான்னு கேட்டா சட்டுன்னு சொல்லணும்லா? அந்தப் புதுக் கம்பெனி பேரச் சொன்னா, அது என்னதுன்னு நாலு கேள்வி கேப்பாங்க,” என்றாள். கேட்கட்டுமே என்றாள் இவள். கேட்டால் என்ன சொல்ல என்றாள் அம்மா. தண்ணீர் லாரி என்றாள் இவள். உடனே அம்மா, “யம்மா, நீ படிச்ச படிப்பென்ன,” என்று ஆரம்பித்தாள். எட்டு வருஷத்தில் தன் வேலையை அம்மாவுக்குப் புரிகிற மாதிரி இரண்டே வார்த்தையில் சொன்னது அதுதான் முதல் தடவை என்று போனை வைத்த பிறகுதான் எப்சிபாவுக்கு உறைத்தது. மறுபடியும் அம்மாவுக்கு ஏதாவது ஒன்று என்றால்? அந்த அட்டை இருக்காதே. மயில்வாகனனிடம் இதை நேராகவே கேட்டாள். சின்ன கம்பெனிக்காரர் அவர். மழுப்பாமல் சொன்னார், எங்கள் அட்டையில் பெற்றோருக்கு இடமில்லை என்று. அதை அவளும் கிதியோனும் பேசி முடித்துவிட்டார்கள், அம்மாவுக்குத் தனியாக ஒரு பாலிசி எடுப்பதென்று. அதைக் காரணமாகச் சொல்லி ஒளிந்துகொள்ள இனி முடியாது. ஏசித் தண்ணீர் கைக்குட்டையையும் மீறித் தோளில் ஒரு சொட்டு விழுந்தது, அவள் துடைக்கவில்லை.

பதினேழு. அந்த எண் காலையிலிருந்து அவளைச் சுற்றிச் சுற்றி வருகிறது. எதை நினைத்தாலும் கடைசியில் அங்கேதான் போய் இடிக்கிறது. பதினேழு லாரி. மயில்வாகனனின் ஆபீஸ் மேடவாக்கத்தில் ஒரு ப்ளைவுட் கடைக்கு மேலே, இரண்டாவது மாடி. இந்தப் பக்கம் இருக்கிற அபார்ட்மெண்ட்டுகளுக்கெல்லாம் தண்ணீர் லாரியில்தான் வருகிறது. எந்த லாரி எந்த அபார்ட்மெண்ட்டுக்கு எத்தனை மணிக்குப் போவது என்று பிரித்துக் கொடுப்பதுதான் அவர்களுடைய மென்பொருள். பேச்சு, நேர்காணலெல்லாம் முடிந்து, ஒரு சனிக்கிழமை வந்து எங்களோடு வேலை பாருங்கள், உங்களுக்கும் எங்களைத் தெரியட்டும் என்று கூப்பிட்டார். போனாள். கைப்பிடி உடைந்த ஒரு நாற்காலி, ஒரு கம்ப்யூட்டர், ஒரு புகார்: பெரும்பாக்கத்தில் பச்சை கேட் போட்ட ஒரு அபார்ட்மெண்ட்டுக்கு நாலு நாளாக லாரி ஒதுக்கப்படாமல் விட்டுப்போகிறது. கீழுதட்டைக் கடித்தாள், பார்த்தாள், அந்த கேட்டின் கணக்கையே மென்பொருள் பார்க்காமல் விடுகிறதோ என்று சந்தேகப்பட்டாள். சந்தேகத்தைச் சோதித்துப் பார்க்க, அன்றைக்கு மத்தியானம் ஓட வேண்டிய அத்தனை லாரியையும் அந்த ஒரே பச்சை கேட்டுக்கு ஒதுக்கி, மென்பொருள் அதை மறுக்கிறதா ஏற்கிறதா என்று பார்க்கலாம் என்று எண்டர் தட்டினாள். தட்டும்போது தயங்கவில்லை. ஏன் தயங்க வேண்டும்? எட்டு வருஷமாக அவள் தொட்டதெல்லாம் நகல். பெரிய கம்பெனியில் அசலை யாரும் தொட முடியாது. அசலைப் போலவே ஒரு நகல் இருக்கும், அதற்கும் ஒரு நகல் இருக்கும், அந்த நகலைத்தான் அவளைப் போன்றவர்கள் உருட்டுவார்கள், புரட்டுவார்கள், அழிப்பார்கள். தட்டிய எண்டர் நேரே அசலில் போய் விழும் என்கிற எண்ணமே அவளுடைய விரல்களுக்குக் கிடையாது. ஒன்பது பேர் கம்பெனியில் நகல் என்று ஒன்று இல்லை. இருந்தது ஒன்றே ஒன்று, அசல். மென்பொருள் மறுக்காமல் ஏற்றுக்கொண்டது, அவளும் ஆஹா பிழையைப் பிடித்துவிட்டோம் என்று சந்தோஷமாக எழுந்து போய் ஒரு லெமன் டீ குடித்தாள். டீ குடித்தாள்! இப்போது நினைத்தாலும் காது சூடாகிறது. பஸ் ஜன்னலில் தெரிந்த தன் முகத்தைப் பார்த்து, டீ வேறு, என்று வாய்விட்டே சொன்னாள். துளசிராமன் லேசாக அசைந்து மறுபடி தூங்கினார்.

இருபது நிமிஷம் கழித்துப் பச்சை கேட் அபார்ட்மெண்ட்டின் செகரட்டரி போன் செய்தார். ஸ்பீக்கரில் போட்டார்கள். “சார், நாலு நாளா ஒரே ஒரு லாரிக்குக் கெஞ்சினேன். இப்ப கேட்டு வாசல்ல ஏழு நிக்குது. இன்னும் வந்துக்கிட்டே இருக்கு. ஸ்கூல் வேன் உள்ள வர முடியல. என்ன சார் பழி வாங்குறீங்களா?” அந்த அறையில் இருந்த எல்லோருக்கும் சிரிப்பு, ஒருத்தரைத் தவிர. எப்சிபா எழுந்து நின்றாள். நின்று, சுற்றிலும் பார்த்தாள். எதைத் தேடினாள் என்று இப்போது அவளுக்குத் தெரிகிறது: மீட்டிங்கைத் தேடினாள். பெரிய கம்பெனியில் இப்படி ஒன்று நடந்தால் ஐந்தாவது நிமிஷத்தில் நாற்பது பேர் லைனில் வருவார்கள், முதல் அரை மணி இது யாருடைய பகுதி என்று பேசுவார்கள், கடைசியில் ஒரு அறிக்கை வரும், அதில் ‘குழு உறுப்பினர் ஒருவர்’ என்று இருக்கும். ஒரு தடவை அந்த உறுப்பினர் அவளாகவே இருந்தாள், அவள் பெயர் அதில் இல்லை. அதற்கு முந்தின வருஷம் ஒரு பெரிய சிக்கலை ராத்திரி பகலாக உட்கார்ந்து அவிழ்த்ததும் அவள்தான், அந்த அறிக்கையிலும் ‘குழு உறுப்பினர் ஒருவர்’ தான். திட்டும் பாராட்டும் ஒரே ஆளுக்குப் போய்ச் சேர்ந்தன, அந்த ஆளுக்குப் பெயரில்லை. இங்கே மீட்டிங் எதுவும் வரவில்லை. மயில்வாகனன் சுவரில் இருந்த வெள்ளைப் பலகையைக் காட்டினார். கொட்டை எழுத்தில், உடைத்தவரே போன் செய்யவும், என்று இருந்தது. அந்த ஆபீஸின் ஒரே சட்டம் அதுதான். “எந்த லாரி எங்க போயிருக்கணும்னு இப்ப தெரியுமா?” என்று கேட்டார். குரலில் கோபம் இல்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார். தெரியும் என்றாள். அதுதான் ஆச்சரியம், அவளுக்குத் தெரியும். எண்டர் தட்டுவதற்கு முன்னால் பழைய பட்டியலை, லாரி நம்பர், டிரைவர் பெயர், போன், இடம், நேரம் என்று அத்தனையையும் தன் நோட்டில் கையால் எழுதி வைத்திருந்தாள். எதையும் மாற்றுவதற்கு முன்னால் திரும்பி வருகிற வழியை எழுதி வைக்க வேண்டும் என்பது பெரிய கம்பெனிச் சட்டம். எட்டு வருஷத்தில் அது விரல்களில் ஏறிவிட்டது. தப்புச் செய்ய வைத்ததும் அந்தக் கட்டடம்தான், தப்பிக்க வைத்ததும் அதுதான். பட்டியலில் இதை எந்தப் பக்கம் எழுதுவாய், எப்சிபா?

தன் சொந்த போனை எடுத்துப் பதினேழு பேரையும் ஒவ்வொருத்தராகக் கூப்பிட்டாள். முதல் மூன்று பேரிடமும் சிஸ்டத்தில் ஒரு சிறு தவறு நேர்ந்துவிட்டது என்று ஆரம்பித்தாள். சிஸ்டம்தான் தப்புச் செய்த மாதிரி. நாலாவது ஆள் தணிகாசலம் என்கிறவர். “யாரு மேடம் நீங்க? குரல் புதுசா கீது. இன்னா பேரு?” என்று கேட்டார். எப்சிபா என்றாள். “இன்னா ஆச்சு?” நான் தப்பாக அனுப்பிவிட்டேன் என்றாள். “சரி வுடுங்க, இப்ப எங்க போணும்?” அவ்வளவுதான். அது இத்தனை லேசாக இருக்கும் என்று யாரும் அவளுக்குச் சொன்னதே இல்லை. ஐந்தாவது ஆளிலிருந்து அவளாகவே, நான் எப்சிபா, தப்பாக அனுப்பிவிட்டேன், நீங்கள் இந்த இடத்துக்குப் போங்கள், என்று சொல்ல ஆரம்பித்தாள். ஒருத்தர் திட்டினார், நன்றாகவே திட்டினார். அதுவும் நேராக, அவளுக்கென்றே வந்த திட்டு. ஐம்பது நிமிஷத்தில் பதினேழு லாரியும் அதனதன் இடத்துக்குப் போய்விட்டன. பச்சை கேட்டுக்கு ஒன்று மட்டும் நின்றது, பிழையும் பிடிபட்டது. அன்றைக்கு வீட்டுக்குப் போய்க் குளித்து, சோறு சாப்பிட்டு, படுத்து, கிதியோனிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவள் சட்டென்று அழுதாள். அவமானமா என்று கேட்டான். கொஞ்சம் அவமானம், என்றாள். மீதி? மீதி என்னவென்று அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை. நிச்சயமாகக் கூப்பிடமாட்டார்கள் என்று இருந்தபோது புதன்கிழமை மயில்வாகனன் கூப்பிட்டு, வேலை உங்களுக்குத்தான் என்றார். பதினேழு லாரிக்குப் பிறகுமா என்று கேட்டேவிட்டாள். “தப்பு பண்ற ஆளுங்க இங்க ஒம்போது பேர் இருக்கோமுங்க, என்னையும் சேத்து. தப்பு பண்றதுக்கு முன்னாடியே திரும்புற வழிய எழுதி வெச்ச ஆள நான் இப்பத்தான் பாக்கறேன். திங்கக்கெழம ஒம்போது மணிக்குள்ள சொல்லிருங்க. இன்னொருத்தர் காத்திருக்காரு,” என்றார். மரியாதைக்குச் சொன்னாரா, மனசிலிருந்து சொன்னாரா என்று ஐந்து நாளாகப் புரட்டிப் புரட்டிப் பார்க்கிறாள்.

மேடவாக்கம் வந்துவிட்டது. கூட்ரோட்டில் வழக்கமான நெரிசல், பஸ் பாதி திரும்பியபடி நின்றுவிட்டது, டிரைவர் கைப்பிரேக் போடும் சத்தம் கேட்டது. நின்ற இடத்திலிருந்து ப்ளைவுட் கடை நேராகத் தெரிந்தது. எட்டு வருஷமாக இந்த வழியாகத்தான் போகிறாள், அப்படி ஒரு கடை இருப்பதே மூன்று வாரத்துக்கு முன்னால்தான் கண்ணில் பட்டது. கடை ஷட்டர் பாதி திறந்திருந்தது. இரண்டாவது மாடி ஜன்னல் மூடியிருந்தது, ஒன்பது மணிக்குத்தான் திறப்பார்கள். எந்தப் பாதுகாப்பும் இல்லாத ஜன்னல். இரண்டு வருஷத்தில் அந்தக் கம்பெனி இழுத்து மூடப்படலாம். கைப்பிடி உடைந்த அந்த நாற்காலியில், கேட்பதற்கு ஒருத்தரும் இல்லாமல், தெரியாத ஒன்றின் முன்னால் தான் மட்டும் உட்கார்ந்திருக்கலாம். சௌந்தரராஜன் வெள்ளிக்கிழமை அவளைத் தனியாகக் கூப்பிட்டு, ஆறு மாதம் பொறுங்கள், பெரிய பதவி ஒன்று வருகிறது, உங்கள் பெயரைத்தான் சொல்லியிருக்கிறேன், என்றார். உங்கள் பெயரைத்தான். யாரிடம் சொன்னார்? அந்தப் பெயரை எங்கே எழுதியிருக்கிறார்கள்? எப்சிபாவுக்குப் பயமாகத்தான் இருந்தது, பொய் சொல்ல வேண்டாம். ஆனால் எதைப் பற்றி என்று உற்றுப் பார்த்தபோது, அந்த ஜன்னல் மூடிவிடுமோ என்கிற பயம் கொஞ்சம்தான். இன்னும் எட்டு வருஷம் கழித்தும் தான் இதே ஐந்தாவது வரிசையில் கைக்குட்டையைச் செருகிக்கொண்டு, தன்னால் தனியாக முடியுமா முடியாதா என்று தெரியாமலே உட்கார்ந்திருக்க நேருமோ என்கிற பயம்தான் மிச்சமெல்லாம். இதுதான் பட்டியலில் விட்டுப்போன வரி. கிதியோன் ஒருமுறை சரிபார்க்காமல் விடமாட்டான் என்று சொன்னோமே. பஸ் மெதுவாகத் திரும்பியது, ஜன்னல் பின்னால் போயிற்று.

போனை எடுத்து மயில்வாகனனுக்கு எழுத ஆரம்பித்தாள். ‘வணக்கம், உங்கள் வாய்ப்புக்கு நன்றி, ஆனால்’ என்று கை தானாக எழுதியது. கம்பெனி மெயில் எழுதியே பழகிய கை. பார்த்துவிட்டு அழித்தாள். ‘வருகிறேன்’ என்று எழுதினாள். அது மொட்டையாக இருந்தது. அதற்குக் கீழே எழுதினாள்: ‘முதல் மாதம் வேறு எதையும் தொடமாட்டேன். சோதித்துப் பார்க்க ஒரு நகல் தயார் செய்வதுதான் என் முதல் வேலை. இன்னொரு ஆள் இன்னொரு பதினேழு லாரி அனுப்பக் கூடாது.’ படித்துப் பார்த்தாள், பிடித்திருந்தது. வேலை கேட்கிறவள் மாதிரி இல்லை, வேலை தெரிந்தவள் மாதிரி இருந்தது. அனுப்பவில்லை. கட்டைவிரல் மேலேயே நின்றது. பெரும்பாக்கத்தில் பஸ் ஊர்ந்துகொண்டிருந்தது. வெளியே பச்சை கேட் தெரிந்தது, அவளுடைய பச்சை கேட். அதற்குள் ஒரு நீல லாரி மெதுவாக உள்ளே போய்க்கொண்டிருந்தது. டேங்க்கின் பின்பக்கம் பெரிதாக ஒரு மயில் வரைந்திருந்தது. செக்யூரிட்டி கையை ஆட்டி ஆட்டி, வா வா என்றான். ஒன்றே ஒன்று, சரியான நேரத்தில். எட்டு இருபத்தைந்து. எப்சிபாவுக்கு வெட்கத்தோடு ஒரு பெருமை வந்தது. அப்போதுதான் போன் அடித்தது. ‘தணிகாசலம் லாரி’ என்று பெயர் வந்தது. அந்தச் சனிக்கிழமை அவள்தான் அப்படிப் பதிந்து வைத்திருந்தாள், ஏன் வைத்தாள் என்று அவளுக்கே தெரியாது.

“மேடம், தணிகாசலம் பேசறேன். அன்னிக்குப் போன் பண்ணீங்களே, அந்த லாரி. ஆபீஸ்ல ஒம்போது மணிக்குத்தான் எடுப்பாங்க, உங்க நம்பர் இருந்துச்சு, அதான். கம்பெனி ஆப்புல ரெண்டு எடம் காட்டுது மேடம். பச்ச கேட்டும் காட்டுது, சித்தாலப்பாக்கமும் காட்டுது. ரெண்டுத்துக்கும் எட்டரைன்னு போட்டுக்கீது. கூட்ரோட்டாண்ட வண்டிய ஆஃப் பண்ணாம நிக்கிறேன், பின்னாடி ஒரே ஆரன். எங்க போவட்டும்?” அண்ணே, நான் இன்னும் அங்கே சேரவே இல்லை, என்று சொல்லியிருக்கலாம். அது உண்மையும் கூட. அது நம்ம பிரச்சினை இல்லை என்கிற வாக்கியம் எட்டு வருஷப் பழக்கத்தில் நாக்கு நுனி வரைக்கும் வந்து நின்றது. நின்றதோடு சரி. “ஒரு நிமிஷம் லைன்ல இருங்கண்ணே,” என்றாள். ஜன்னல் பக்கம் திரும்பிக் கழுத்தை நீட்டிப் பார்த்தாள். “இப்பத்தான் பச்ச கேட்டுக்குள்ள ஒரு லாரி போச்சு. நீல டேங்க். பின்னாடி மயில் வரைஞ்சிருக்கு. அது நம்ம வண்டியா?” நம்ம வண்டி என்று சொன்னதை அவள் கவனிக்கவில்லை, நாம் கவனித்தோம். “ஆமா மேடம், அது நம்ம பலராமன் வண்டி. நேத்துதான் புதுசா பெயிண்ட் அடிச்சான்.” “அப்ப அங்க ஆள் போயாச்சு. நீங்க சித்தாலப்பாக்கம் போங்க. ஆப்புல இருக்குற இன்னொண்ணக் கண்டுக்காதீங்க, ஒம்போது மணிக்கு நான் ஆபீஸ்ல சொல்லிடுறேன்.” “தப்பா பூட்டா?” “தப்பாப் போச்சுன்னா எனக்கே திருப்பிப் போன் பண்ணுங்க.” கியர் விழும் சத்தம் கேட்டது. ஹாரன்களுக்கு நடுவில் தணிகாசலம் கத்தினார், “அந்த சித்தாலப்பாக்கம் செக்யூரிட்டி ஒரு மாதிரி ஆளு மேடம். யாரு அனுப்புனாங்கன்னு கேப்பான். இன்னான்னு சொல்லட்டும்?”

“எப்சிபா அனுப்புனாங்கன்னு சொல்லுங்க,” என்றாள்.

போனை வைத்த கையோடு செய்தியை அனுப்பினாள். இந்தத் தடவை கட்டைவிரல் நிற்கவில்லை. அவள் குரல் கொஞ்சம் ஓங்கித்தான் போயிருக்க வேண்டும், முன் வரிசையில் இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். துளசிராமன் எட்டு வருஷத்தில் முதல் தடவையாகச் சோழிங்கநல்லூருக்கு முன்னாலேயே விழித்துக்கொண்டு, கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டு, அவளைப் பார்த்தார்.

“என்ன மேடம், ஏதாவது பிரச்சினையா?”

“ஆமா சார்,” என்றாள் எப்சிபா. சிரிப்பை அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. “என்னோடதுதான்.”